வாட்ஸ்அப்பில் பாடம் நடத்தி ஆய்வு செய்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கல்வியியலில் ஆய்வேடு எழுத வருகிறவர்களுக்குத் தலைப்புப் பஞ்சம் வந்தால் கைகொடுப்பது வாட்ஸ்அப்தான். 'எட்டாம் வகுப்பு மாணவர்களின் அறிவியல் அடைவில் வாட்ஸ்அப் வழிக் கற்றலின் பயன்' என்று ஒருவர் எழுதுவார். வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டு யூடியூபைப் போட்டால் அடுத்தவருக்கும் தலைப்பு தயார். தலைப்பில் குற்றமில்லை. உள்ளே புரட்டினால்தான் அதே எட்டொன்பது தவறுகள் ஆண்டுதோறும் வந்து நிற்கின்றன. எழுத்துப்பிழை, மேற்கோள் வடிவம், அட்டவணை எண் இவற்றையெல்லாம் வழிகாட்டியே சிவப்பு மையில் சுழித்துவிடுவார் என்பதால் இங்கே விட்டுவிடலாம்.

ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதல் பாடம் நடத்திவிட்டு, பலனை வாட்ஸ்அப் கணக்கில் எழுதுவது

மற்ற தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இது ஒன்று ஆறு மாத உழைப்பை அப்படியே குப்பையில் போட்டுவிடும்.

வழக்கமான ஏற்பாடு இப்படி இருக்கும். எட்டாம் வகுப்பு ஏ பிரிவு சோதனைக் குழு, பி பிரிவு கட்டுப்பாட்டுக் குழு. இரண்டுக்கும் வாரத்துக்கு 5 அறிவியல் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஏ பிரிவுக்கு மட்டும் வாரத்தில் ஐந்து நாள் மாலையில் வாட்ஸ்அப்பில் 10 நிமிட வீடியோ ஒன்று, அதையொட்டி 5 நிமிடம் பிடிக்கும் வினாக்கள். ஆறு வாரம் கழித்துப் பின்தேர்வு. ஏ பிரிவின் சராசரி கூடுதலாக வருகிறது, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' காட்டுகிறது, 'வாட்ஸ்அப் வழிக் கற்றல் பயனுள்ளது' என்று ஐந்தாம் இயலில் முடிவு எழுதப்படுகிறது.

நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். பி பிரிவு ஆறு வாரத்தில் படித்தது 1,200 நிமிடம். ஏ பிரிவு 1,650 நிமிடம். வித்தியாசம் 450 நிமிடம், அதாவது பதினொரு பாடவேளைக்கும் மேல். பதினொரு பாடவேளை கூடுதலாகக் கிடைத்தால் எந்தப் பிரிவுதான் நன்றாக எழுதாது? அந்த நேரத்தில் கரும்பலகையில் பாடம் நடத்தியிருந்தாலும் இதே முடிவு வந்திருக்கக்கூடும். வாட்ஸ்அப்பால் என்ன ஆயிற்று என்பதற்கு இந்த ஆய்வில் பதிலே இல்லை.

இதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும். மாலையில் குழுவில் போட்ட வினாக்களும் பின்தேர்வு வினாக்களும் ஒரே ஆள் எழுதியவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண்ணை மட்டும் மாற்றிய அதே கணக்குகள், விடை வரிசையை மட்டும் மாற்றிய அதே கொள்குறி வினாக்கள் தென்படும். ஏ பிரிவு பயிற்சி செய்த வினாவை பி பிரிவு முதன்முதலாகத் தேர்வறையில்தான் பார்க்கிறது.

இது நேற்று முளைத்த சர்ச்சையும் அல்ல. கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் 'ரிவ்யூ ஆஃப் எஜுகேஷனல் ரிசர்ச்' இதழில் ஊடக ஒப்பீட்டு ஆய்வுகளை அலசினார். மளிகை ஏற்றி வரும் லாரியால் நம் உடம்பு தேறுவதில்லை, அதுபோல ஊடகத்தால் மட்டும் கற்றல் கூடுவதில்லை என்பது அவர் வாதம். ஒரே ஆசிரியர் இரண்டு குழுவுக்கும் பாடத்தைத் தயாரித்தால் கணினிவழிக் கற்பித்தலின் பலன் சுருங்கிவிடுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். இன்னொரு ஆய்வாளரான ராபர்ட் கோஸ்மா இதை ஏற்கவில்லை. ஊடகத்துக்கென்று உள்ள தன்மைகளையும் கற்பிக்கும் முறையையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று 1991-இலும் 1994-இலும் மறுத்து எழுதினார். யார் பக்கம் நின்றாலும் சரி, 'வாட்ஸ்அப் நல்லதா' என்று மொட்டையாகக் கேட்பதை இருவருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த விவாதத்தை இரண்டாம் இயலில் ஒரு பக்கம் எழுதிவிட்டு, மூன்றாம் இயலில் அதே தவறான வடிவமைப்பைப் போடுகிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல் அதிகம்.

திருத்துவது கஷ்டமில்லை. பி பிரிவுக்கும் அதே 15 நிமிட வேலையைத் தாளில் கொடுங்கள்: வீடியோவில் சொன்ன விளக்கம் அரைப்பக்கம், அதே வினாக்கள், மறுநாள் காலையில் விடைகள். இப்போது இரண்டு பிரிவுக்கும் நேரமும் சரக்கும் ஒன்று, போய்ச் சேரும் வழி மட்டும் வேறு. ஒரு நோட்டில் நாள், பிரிவு, பாடவேளை நிமிடம், வீட்டுவேலை நிமிடம், கொடுத்த வினாக்களின் எண்ணிக்கை என்று ஐந்து பத்தி போட்டு அன்றன்றைக்கே எழுதிவையுங்கள். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் நேரத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் அந்த நோட்டு பேசும். பின்தேர்வு வினாத்தாளைக் குழுவுக்கு வீடியோ அனுப்பாத வேறொரு பாட ஆசிரியரிடம் தயாரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பிரிவுதான் கிடைக்கிறது என்றால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல பள்ளிகளில் ஏ பிரிவு ஆங்கில வழி, பி பிரிவு தமிழ் வழி. அல்லது மதிப்பெண் பார்த்துப் பிரித்தவை. 80 மாணவர்கள் என்று எழுதினாலும் ஒப்பிடப்படுவது ஒரு வகுப்பும் இன்னொரு வகுப்பும்தான். ஒரே வகுப்பு மாணவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமைக் கெழு 0.2 என்று வைத்தால், 40 பேர் கொண்ட வகுப்பில் வடிவமைப்பு விளைவு, அதாவது மாதிரியின் எண்ணிக்கையை வகுக்கவேண்டிய எண், 1 + 39 × 0.2 = 8.8. உங்கள் 80 பேர் தனித்தனியாகப் பொறுக்கிய 9 பேருக்குத்தான் சமம்.

இதற்கு மாற்றுமுறை ஓரளவு கைகொடுக்கும். 'வெப்பம்' பாடத்தை ஏ பிரிவு வாட்ஸ்அப்பிலும் பி பிரிவு தாளிலும் படிக்கட்டும். 'நுண்ணுயிரிகள்' வரும்போது மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு. ஒவ்வொரு மாணவரையும் அவரோடு அவரையே ஒப்பிடுவதால் 'ஏ பிரிவு முதலிலேயே கெட்டிக்காரப் பிரிவு' என்ற வாதம் அடிபட்டுப் போகும். இரண்டு தேர்வும் ஒரே கடினத்தில் இருக்கவேண்டும் என்ற கவலையும் வேண்டாம், இரண்டையும் எல்லோரும்தான் எழுதுகிறார்கள். முதல் பாடம் தெரியாமல் இரண்டாவது புரியாது என்கிற மாதிரிப் பாடங்களை மட்டும் எடுக்காதீர்கள். எந்தப் பிரிவுக்கும் எதையும் மறுக்காததால் தலைமையாசிரியரும் சீக்கிரம் தலையாட்டுவார்.

குழுவில் எட்டிப்பார்க்காதவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவது

40 பேரில் 14 பேர் வீடியோவைத் திறக்கவே இல்லை. 'முழுமையாகப் பங்கேற்காதவர்கள்' என்று அவர்களை நீக்கிவிட்டு 26 பேரைக் கட்டுப்பாட்டுக் குழுவின் 40 பேரோடு ஒப்பிடுகிறார்கள். அந்த 26 பேர் யார்? வீட்டில் கையில் போன் கிடைப்பவர்கள், உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருப்பவர்கள். அந்தப் பக்கத்து 40 பேரில் அதே நிலையில் இருக்கும் 14 பேர் அப்படியே உள்ளே இருக்கிறார்கள்.

கிராமப்புறக் கல்விநிலையைக் கணக்கெடுக்கும் அசர் அமைப்பின் 2021 அறிக்கையின்படி, நாடு முழுக்கக் கிராமங்களில் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளில் 67.6 சதவீதத்தினரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அந்த வீடுகளிலும் 26.1 சதவீதக் குழந்தைகளின் கைக்கு அது வரவே இல்லை. அப்பாவோடு வேலைக்குப் போன போன் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். ஆகவே 'வீட்டில் போன் உண்டா' என்று கேட்டு நிறுத்தாமல், 'மாலை 6 முதல் 9 வரை போன் யாரிடம் இருக்கும்' என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்துவையுங்கள். முதலில் எந்தக் குழுவில் போட்டீர்களோ, கடைசிக் கணக்கிலும் அந்தக் குழுவிலேயே அவர்கள் இருக்கட்டும். 14 பேர் திறக்கவில்லை என்பதே ஒரு கண்டுபிடிப்புதான்.

தனித்தனியாக இரண்டு டி-டெஸ்ட் போட்டு ஒப்பிட்டதாக நினைப்பது

சோதனைப் பிரிவு முன்தேர்வைவிடப் பின்தேர்வில் 3 மதிப்பெண் கூடியது, பி மதிப்பு (p-value; 0.05-க்குக் கீழே வந்தால் 'குறிப்பிடத்தக்கது' என்பார்கள்) 0.03. கட்டுப்பாட்டுப் பிரிவு 2 மதிப்பெண் கூடியது, பி மதிப்பு 0.08. 'இதில் பலன் உண்டு, அதில் இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு முன்னேற்றங்களுக்கும் இடையே உள்ளது 1 மதிப்பெண். அதை நேராகச் சோதித்தால் பி மதிப்பு 0.5-ஐத் தாண்டும். முன்தேர்வு மதிப்பெண்ணைத் துணைமாறியாக வைத்து, அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிப் பின்தேர்வை ஒப்பிடும் அன்கோவா (ANCOVA) போட்டால் ஒரே கணக்கில் விடை வந்துவிடும்.

நான்கு வாரத்தில் முடிப்பது

புதுசு என்பதாலேயே முதல் மூன்று வாரம் எல்லோரும் பார்ப்பார்கள். எட்டு வாரத்துக்குக் குறைத்தால் எதையும் நம்ப வேண்டாம்.

384 பேர் கிடைத்துவிட்டால் மாதிரி தயார் என்று நிம்மதியடைவது

கிரெச்சி, மோர்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையில் பத்து லட்சம் பேர் கொண்ட தொகுதிக்கு 384 பேர் போதும் என்றிருக்கும். அது குலுக்கல் முறையில் பொறுக்கிய மாதிரிக்கு. ஆசிரியர் குழுக்களில் கூகுள் ஃபார்ம் லிங்கைத் தட்டிவிட்டு வந்த 384 பதிலுக்கும் அந்த அட்டவணைக்கும் சம்பந்தமே இல்லை. சமூக ஊடகம் பயன்படுத்தும் ஆசிரியர்களிடம் சமூக ஊடகத்தில் கேட்டு, 'ஆசிரியர்களிடையே சமூக ஊடகப் பயன்பாடு அதிகம்' என்று முடிவு சொல்வதில் என்ன இருக்கிறது? மாவட்டப் பள்ளிப் பட்டியலை எடுத்து 20 பள்ளிகளைக் குலுக்கிப் போட்டு, பதில் வராத இடத்துக்குத் தாள் படிவத்தோடு போய்வந்தால் 150 பேர் கிடைத்தாலும் அது கௌரவமான மாதிரி.

ஃபார்மிலேயே இரண்டு சிக்கல். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்று பூட்டினால் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். ஒரே போனில் அக்காவும் தம்பியும் பதில் போடும் வீட்டில் தம்பியின் பதில் வராது. பூட்டாவிட்டால் ஒருவரே மூன்று முறை அனுப்பலாம். மாணவர்களுக்கு வரிசை எண் கொடுத்து அதை முதல் கேள்வியாக வைத்துவிடுவது சுலபம். அடுத்தது, அனுப்பிய நேரம் மட்டும்தான் பதிவாகும், தொடங்கிய நேரம் பதிவாகாது. 40 கூற்றுகளையும் ஒரே நிமிடத்தில் தட்டியவரை நேரம் பார்த்துப் பிடிக்க முடியாது. நாலைந்து எதிர்மறைக் கூற்றுகளை இடையில் கலந்து வையுங்கள்.

நீலக் குறியைக் கற்றல் என்று எண்ணுவது

வாட்ஸ்அப்பில் நீலக் குறி வந்தால் செய்தியைத் திறந்தார், அவ்வளவுதான். யூடியூப் பார்வை எண்ணிக்கையும் அப்படித்தான்: 120 பார்வை என்றால் 120 மாணவர்கள் அல்ல. வீடியோவைக் 'குழந்தைகளுக்கானது' என்று குறித்தால் கருத்துப் பகுதி மூடிக்கொள்ளும். கருத்துகளைத்தான் ஆராயப்போகிறீர்கள் என்றால் பதிவேற்றும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

தரவை எடுக்கும் நாளில் விழித்துக்கொள்வது

வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்தால் வருவது வெறும் எழுத்துக் கோப்பு. யார் படித்தார்கள் என்ற தகவல் அதில் இருக்காது. அது செய்தி அனுப்பியவரின் போனில் மட்டும் தெரியும். கட்டைவிரல், இதயம் போன்ற எமோஜி எதிர்வினைகளும் வராது. உங்கள் போனில் சேமித்த பெயர்தான் பெயராக வரும். 'கவின் அம்மா' என்று சேமித்திருந்தால் பேசியது கவினா அம்மாவா என்று கடைசிவரை தெரியாது. தேதி வடிவம் போனுக்குப் போன் மாறுவதால் இரண்டு போன்களிலிருந்து எடுத்துச் சேர்த்தால் நாளும் மாதமும் இடம் மாறிக் கிடக்கும். மறையும் செய்திகள் 7 நாளுக்கு வைக்கப்பட்டிருந்தால் எட்டாம் நாள் எதுவும் மிஞ்சாது. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை ஒரே போனிலிருந்து ஏற்றுமதி செய்து, கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு வையுங்கள்.

ஆய்வு முழுவதையும் ஒரே செயலியின்மேல் கட்டுவது

டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூனில் தடையானது. வகுப்பறைகளுக்கான எட்மோடோ தளம் 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. ஃபேஸ்புக் பதிவுகளை ஆராய உதவிய கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்டில் போயிற்று. கருதுகோளில் செயலியின் பெயரை எழுதாமல் செய்யும் வேலையை எழுதுங்கள்.

தலைமையாசிரியர் கையெழுத்து போதும் என்று நினைப்பது

போதாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்கள் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலையும் கேட்கிறது. குழுவில் சேர்த்த நொடியில் ஒவ்வொரு மாணவியின் வீட்டு எண்ணும் மற்ற 39 வீட்டுக்கும் தெரிந்துவிடுகிறது; ஒப்புதல் படிவத்தில் அந்த வரி இருக்கவேண்டும். எண்ணைக் காட்ட விரும்பாத வீட்டுக்கு வீடியோவைத் தனியாக அனுப்புங்கள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஸ்கிரீன்ஷாட் ஒட்டும்போது எண்ணை மார்க்கரால் லேசாக அடித்துவிட்டு விடாதீர்கள், பிரகாசத்தைக் கூட்டினால் அது படித்துவிடக்கூடியதாகவே இருக்கும். முழுக் கறுப்புக் கட்டம் வைத்து மறைத்து, அதை மறுபடி ஒரு படமாகச் சேமித்துவிட்டு ஒட்டுங்கள்.