புத்தாண்டு விடியலில் கேதார்காந்தா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 31 இரவைப் பனிக்கு நடுவே கூடாரத்தில் கழித்து, விடியற்காலை மூன்று மணிக்கு ஹெட்லேம்ப்பை மாட்டிக்கொண்டு ஏறி, ஆண்டின் முதல் சூரியனை உச்சியில் நின்று பார்ப்பது! இதற்காகவே உத்தரகண்டின் கேதார்காந்தா சிகரத்துக்கு நம் ஊரிலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். 3,810 மீட்டர் உயரத்தில், ஸ்வர்காரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் கண்ணெதிரே சிவந்து எழும் அந்த நேரத்துக்கு எவ்வளவு சிரமப்பட்டாலும் தகும். கட்டாயம் போங்கள். ஆனால், சில தவறுகளைச் செய்துவிடாதீர்கள்.

நான் அதிகம் பயப்படுவது குளிரைப் பார்த்து அல்ல, வியர்வையைப் பார்த்துத்தான். சாங்க்ரி கிராமத்தில் நடக்கத் தொடங்கும்போது கை விறைக்கிறது என்று பனியன், ஸ்வெட்டர், அதற்கு மேல் தடித்த ஜாக்கெட் என்று எல்லாவற்றையும் போட்டுக்கொள்கிறோம். அரை மணி நேரம் ஏறியதும் உள்ளே பனியன் தொப்பலாக நனைந்துவிடும். நடக்கும்வரை ஒன்றும் தெரியாது. டீ குடிக்கப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்: முதுகோடு ஒட்டிய ஈரத்துணி ஐஸ் வைத்தது போலாகும், பல் கிட்டிக்கத் தொடங்கும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அங்கே அது காயவும் காயாது. அதனால் உடம்பை ஒட்டிய உடுப்பு கம்பளியாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. தடித்த ஜாக்கெட்டைப் பையின் மேலேயே வையுங்கள். நின்றால் போடுங்கள், நடந்தால் கழற்றுங்கள். இரவு படுக்கப் போகும்போது காலுறை முதற்கொண்டு எல்லாம் காய்ந்ததாக மாற்றியாக வேண்டும். சோம்பல்பட்டு ஈரக் காலுறையோடு ஸ்லீப்பிங் பேக்கில் நுழைந்தால் தூக்கம் போச்சு.

அடுத்தது, “வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவன் நான், இது என்ன பெரிய விஷயம்?” என்கிற நம்பிக்கை. கால் வலுவுக்கு வெள்ளியங்கிரி நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால், இந்தப் பாதையில் வழக்கமாக முதல் இரவு தங்கும் ஜூடா கா தாலாப் ஏரிக்கரையே தொட்டபெட்டாவைவிட உயரம். உச்சியில் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். உடற்பயிற்சி செய்பவர், செய்யாதவர் என்று உயரம் பார்ப்பதில்லை. தலைவலி, குமட்டல், சாப்பாடு வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

இங்கேதான் தேதி குறுக்கே வருகிறது. ஜனவரி 1 காலையை விட்டுவிடக் கூடாது என்று தலைவலியை மறைப்பவர்கள் உண்டு. காற்று பலமாக வீசும்போதும் “இன்னும் கொஞ்சம்தானே” என்று வழிகாட்டியை நெருக்குபவர்களும் உண்டு. இதைவிட ஆபத்தான தவறு வேறில்லை. டேராடூனிலிருந்து சாங்க்ரி ஏறக்குறைய 200 கிலோமீட்டர், மலைப்பாதையில் ஒரு முழுப் பகல் போய்விடும். விமான டிக்கெட்டை இடைவெளியே இல்லாமல் போட்டுவிட்டால் இந்த அவசரம் தானாகத் தொற்றிக்கொள்ளும். எனவே, ஒரு நாள் கூடுதலாக வைத்தே திட்டமிடுங்கள். உயரத்தால் வரும் இந்த உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையையும் நண்பன் சொன்னான் என்று போடாதீர்கள், கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

புத்தாண்டு என்பதால் ரம் பாட்டில் எடுத்துப் போகும் பழக்கமும் இருக்கிறது. குடித்ததும் சூடாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி, உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். கூடாரத்துக்குள் கேஸ் அடுப்போ கரியோ எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

சின்ன விஷயங்கள் சில: தண்ணீர் மேலிருந்துதான் உறையும், பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். போன் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும், குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும்.

அப்புறம், உச்சியைத் தொட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். களைத்த காலோடு, மிதிபட்டு இறுகிய வழுக்குப் பனியில் இறங்கும்போதுதான் முழங்கால் பிசகுகிறது. ஷூவில் மாட்டிய இரும்பு முள்ளை அவசரப்பட்டுக் கழற்றாமல், பாதம் முழுவதையும் அழுத்தி ஊன்றி மெதுவாக இறங்குங்கள். கால் நகங்களை ஊரிலேயே வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் அவை ஷூவின் முனையில் மோதி மோதியே கறுத்துப்போகும்.