டெஸ்டோஸ்டிரோன் ஜெல்: பூசும்போதும் பிற மருந்துகளோடு சேரும்போதும் கொள்ள வேண்டிய கவனம்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அடங்கிய, தோலில் பூசும் ஜெல், பூசியவரின் உடலோடு நின்றுவிடும் மருந்தல்ல. தோலின் மேல் எஞ்சியிருப்பது, அந்த இடத்தைத் தொடுகிறவரின் உடலுக்குள்ளும் சென்றுவிடும். அப்பாவின் தோளில் சாய்ந்து வளர்ந்த குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பு பெரிதாதல், பருவத்துக்கு முன்பே அந்தரங்க முடி வளர்தல், முரட்டுத்தனம், வயதை மீறிய எலும்பு முதிர்ச்சி ஆகியவை தோன்றியதால்தான், 2009-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இவ்வகை ஜெல்களுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கையை (மருந்துக் குறிப்பில் கட்டத்துக்குள் அச்சிடப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை) கட்டாயமாக்கியது. தொடர்பு நின்றதும் இம்மாற்றங்களில் பெரும்பாலானவை மறைந்தன என்றாலும், சில குழந்தைகளுக்கு அவை முழுமையாகச் சீராகவில்லை.

ஆகவே, காலையில் குளித்து, ஈரம் போகத் துவட்டிய பிறகு, காயமோ தடிப்போ இல்லாத தோலில் பூசுங்கள். எந்த இடத்தில் பூசுவது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும்: பெரும்பாலானவை தோளுக்கும் மேற்கைக்கும் உரியவை, சில வயிற்றுக்கும் உரியவை, சில தொடைக்கு மட்டுமே. உறிஞ்சப்படும் அளவு இடத்தைப் பொறுத்து மாறும் என்பதால் மருத்துவர் குறித்த இடத்தை நீங்களாக மாற்றக் கூடாது. பிறப்புறுப்பில் ஒருபோதும் பூசக் கூடாது. தோளில் பூசுகிறவர்கள், அரைக்கைச் சட்டை மறைக்கும் எல்லைக்குள்ளேயே பூச வேண்டும். கையை உயர்த்தினால் சட்டைக்கை எவ்வளவு மேலேறுகிறது என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பூசியவுடன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஜெல் காய்ந்த பின் உடுத்த வேண்டும். இதில் ஆல்கஹால் இருப்பதால், காயும்வரை அடுப்பையும் சிகரெட்டையும் நெருங்க வேண்டாம். குளிப்பதற்கும் நீந்துவதற்கும், 1.62 சதவீத ஜெல்லுக்கு 2 மணி நேரமும் 1 சதவீத ஜெல்லுக்கு 5 மணி நேரமும் பொறுத்திருக்க வேண்டுமென்பது பொதுவான அறிவுறுத்தல்.

யாரையாவது மேனி படத் தழுவ நேரும் என்றால், முன்னதாக அந்த இடத்தைச் சோப்பால் கழுவிவிடுங்கள். பிறர் தொட்டுவிட்டால் அவர்களும் உடனே கழுவ வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கட்டாயம் விலகியிருக்க வேண்டும், ஏனெனில் கருவிலிருக்கும் பெண் குழந்தைக்கு இது ஆண்தன்மை மாற்றங்களை உண்டாக்கக்கூடும். வெட்கப்பட்டு இந்தச் சிகிச்சையை மனைவியிடம்கூட மறைக்கும் ஆண்கள் இருக்கிறார்கள்; மறைத்தால், அவருக்குப் புதிதாக முகப்பருவோ உடலில் முடியோ வரும்போது காரணம் யாருக்கும் பிடிபடாது.

மருத்துவரிடம் மறைப்பது இன்னும் ஆபத்தானது. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவு தடுப்பு மருந்தோடு சேரும்போது அதன் வீரியம் கூடி இரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால், ஜெல்லைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு இரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிடத் தாழலாம். வியர்வை, படபடப்பு, கைநடுக்கம் வந்தால் சர்க்கரையை அளந்து பார்த்து, மருந்தின் அளவை மருத்துவரைக் கொண்டே மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு மருந்துகளோடு சேர்ந்தால் உடலில் நீர் தேங்கும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் நோயுள்ளவர்களுக்கு இது எளிதில் முற்றிவிடும். தைராய்டு பரிசோதனையில் மொத்த டி4 (தைராய்டு ஹார்மோனின் மொத்த அளவு) குறைந்து தெரியலாம் என்றாலும், புரதத்தோடு பிணையாமல் இரத்தத்தில் உள்ள கட்டற்ற டி4 மாறாது. இதை அறியாமல் தைராய்டு மாத்திரையைக் கூட்டிவிடக் கூடாது.

ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தாலோ, ப்ரோஸ்டேட் புற்றுநோய் இருந்தாலோ, இருக்குமோ என்ற ஐயம் இருந்தாலோ இந்த ஜெல் கூடாது. மற்றவர்களும் தொடங்குமுன் ஒருமுறையும், 3 முதல் 6 மாதங்களுக்குள் மறுமுறையும், பின்னர் ஆண்டுதோறும் ஹீமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) பார்க்க வேண்டும். அது 54 சதவீதத்தைத் தாண்டினால் இரத்தம் தடித்துவிட்டது என்று பொருள், மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தை பெறும் எண்ணமுள்ளவர்கள் அதைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன், உடலின் விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும்.