செங்காந்தள் கிழங்கு நட்டு முளைக்கவில்லையா? நோண்டாதீர்கள்

போன வருடம் எங்கள் வாசல் தொட்டியில் செங்காந்தள் பூத்ததைப் பார்த்துவிட்டு, தெருவில் நாலைந்து பேர் கிழங்கு கேட்டு வாங்கிப்போனார்கள். இப்போது ஒவ்வொருவராக வந்து ஒரே கேள்வி கேட்கிறார்கள்: "நட்டு ரெண்டு வாரமாச்சு, ஒண்ணையும் காணோமே?" தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன். இரண்டு வருடம் இதே கிழங்கில் கோட்டை விட்டவன்தான் நானும்.

நான் இருப்பது மன்னார்குடிப் பக்கம். மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும் களிமண். நெல்லுக்கு அது போதும். கிழங்கு அதில் கிடந்தால் அழுகிவிடும். வேதாரண்யம் பக்கம் இதையே கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, விதைக்காக மணற்பாங்கான நிலத்தில் பயிரிடுகிறார்கள். இதுவும் டெல்டாதான், அதுவும் டெல்டாதான், மண் வேறு. முதல் வருடம் இது புரியாமல் கொல்லையில் நேராக மண்ணில் நட்டேன். ஆறு கிழங்கும் கூழாகிப் போயின.

அதனால் தொட்டிதான். மண்தொட்டியாக இருந்தால் நல்லது; பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அடியில் ஓடு உடைத்துப் போடுங்கள். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு தோட்டத்து மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய சாணி எரு. மணலுக்கு அலைய வேண்டாம், யாராவது வீடு கட்டி மிச்சம் வைத்திருப்பார்கள். நர்சரியில் தென்னை நார்க்கழிவைச் சேர்க்கச் சொல்வார்கள். வெயில் காலத்துக்குச் சரி, நம் ஊர் ஐப்பசி அடைமழைக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை.

காலம்: ஆனிக் கடைசி அல்லது ஆடி முதல் வாரம். கோடை முழுக்கக் கிழங்கு தூங்கும். சித்திரையில் நட்டு ஊற்றோ ஊற்று என்று தண்ணீர் ஊற்றினாலும் எழுந்திருக்காது. ஆடியில் நட்டால் அடைமழைக்கு முன் கொடி நன்றாக ஏறிவிடும்.

இப்போது நான் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். கலப்பை மாதிரி இரண்டு கைகள் விரிந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பேரே அதனால் வந்ததுதான். உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும், இதில் அப்படி இல்லை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை, பல் முளைக்கிற மாதிரி வெளுப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அது ஒடிந்தால் அந்தக் கை பெரும்பாலும் அவ்வளவுதான். இரண்டாவது வருடம் நான் கிழங்குகளைப் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் பிரித்தால் பாதிக்கு நுனியே இல்லை. அது முக்கியம் என்றுகூடத் தெரியாமல் அப்படியே நட்டேன். எங்கிருந்து முளைக்கும்?

ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவாருங்கள். குழி பறிக்கக் களைக்கொட்டு வேண்டாம், கை போதும். இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்கையாக வையுங்கள். நுனி தொட்டியின் சுவரில் இடிக்கக் கூடாது. மூடியதும் அழுத்தாதீர்கள். நுனி எங்கே இருக்கிறது என்று தெரிய, அதற்கு ஒரு சாண் தள்ளி ஈர்க்குச்சி ஒன்று செருகிவையுங்கள்.

கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள். செடி முழுக்க விஷம், கிழங்கிலும் விதையிலும் அதிகம்; கொல்கிசின் என்பது அதன் பேர். சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துவிடக்கூடிய உருவம் என்பதால், மிச்சக் கிழங்கை அடுக்களைப் பக்கம் வைக்கவே வேண்டாம். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் கை வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்புறம் காத்திருப்பது. நட்ட அன்று ஒருமுறை தண்ணீர். அதன்பின் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம். மூன்றாவது வருடம் எனக்கு முதல் முளை வந்தது இருபத்திரண்டாம் நாள். கடைசிக் கிழங்கு நாற்பது நாள் எடுத்துக்கொண்டது. ஒரே ஊர்க் கிழங்கு, ஒரே நாளில் நட்டது.

பன்னிரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் ஒரு தொட்டியைக் கிளறப் போனேன். திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே கேட்டார்: "ஏன்டா தம்பி, அடை வச்ச முட்டையைத் தூக்கித் தூக்கிப் பாத்தா குஞ்சு பொரிக்குமா?" கேட்டிருக்கலாம். விரல் பட்டு ஒரு முளை போயிற்று.

வருவதற்கு முதல் நாளே தெரியும். மேல்மண் ஓர் இடத்தில் லேசாகப் பொருமி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சில்லாகத் தூக்கி நிற்கும். மறுநாள் சீவிய பென்சில் முனை மாதிரி, பச்சையில் கருஞ்சிவப்பு ஓடிய ஒரு கூர். அதைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும். தொடாதீர்கள், வெள்ளரிப் பிஞ்சு போலப் பட்டென்று முறியும்.

ஒரு சாண் வளர்ந்ததும் மூங்கில் சிம்பு நட்டுவிடுங்கள். கயிறு போட்டுக் கட்ட வேண்டாம். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். நைலான் வலையில் ஏற்றினால் பிறகு காய்ந்த கொடியைப் பிரித்தெடுக்கும்போது வெறுத்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், முளை வந்தது, காலையில் பார்த்தால் மொட்டையாக இருக்கிறது என்கிறார். நத்தையாக இருக்கும். ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குங்கள், உப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

இன்னொருவருக்கு நாற்பத்தைந்து நாளாகியும் ஒன்றுமில்லையாம். அந்தக் கட்டத்தில் மட்டும் பார்க்கலாம். ஓரத்திலிருந்து மண்ணை விலக்கி, கிழங்கின் நடுப்பகுதியை லேசாக அழுத்துங்கள், நுனியை அல்ல. கெட்டியாக இருந்தால் மூடிவிட்டு வந்துவிடுங்கள். அமுங்கி நாறினால் எடுத்து எறியுங்கள், அந்த மண்ணை அடுத்த கிழங்குக்கு எடுக்க வேண்டாம்.

போன வருடத் தொட்டியைத் தோண்டினேன், பழைய கிழங்கு வெறும் சக்கையாகிவிட்டதே என்று பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் வந்தார். அது அப்படித்தான். பழையது வற்றிப்போய்ப் பக்கத்திலேயே புதுக் கிழங்கு விட்டிருக்கும். இன்னும் நாலு விரற்கடை தள்ளிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு கிடைத்ததாம்.