போர் வந்தால் விலை ஏன் ஏறுகிறது: நாம் திரும்பத் திரும்பத் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

2022 மார்ச் மாதம். எங்கள் தெரு மளிகைக் கடையில் சன்பிளவர் ஆயில் கேட்டால் ஆளுக்கு ரெண்டு பாக்கெட்தான் என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி, அதுவும் போன வாரத்தைவிட விலை கூட. பக்கத்தில் நின்ற அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சண்டை எங்கேயோ நடக்குது, இந்தப் பாக்கெட் ஜனவரியிலயே வந்து இறங்கியிருக்கு, இதுக்கு எதுக்கு விலை ஏத்துறீங்க?" என்று கேட்டார். அண்ணாச்சி ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "இதை வித்த காசுலதான அக்கா நாளைக்கு நான் புது ஸ்டாக் எடுக்கணும்."

இரண்டு பேர் சொன்னதும் சரி. அன்றைக்கு வாங்கும் பொருளுக்கு நாளைய விலையைக் கொடுக்கிறோம், இது மளிகைக் கடையிலும் அப்படித்தான், கச்சா எண்ணெய்ச் சந்தையிலும் அப்படித்தான். இதைப் பிடித்துக்கொண்டால் போர்க்கால விலையைப் பற்றி நாம் செய்கிற முதல் தவறு புரிந்துவிடும்: பொருள் தீர்ந்துபோனதால்தான் விலை ஏறியது என்று நினைப்பது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, உலகச் சந்தையில் விலை பேசும்போது அளவுகோலாக வைக்கும் பிரென்ட் கச்சா எண்ணெய் பேரலுக்கு 139 டாலர் வரை போய்வந்தது, 2008க்குப் பிறகு அவ்வளவு உயரம் அதுதான். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் ரஷ்யாவின் எண்ணெய்க் கிணறு ஒன்றும் வற்றிவிடவில்லை. அடுத்த மாதம் வாங்க முடியுமா, பணம் அனுப்ப வங்கி சம்மதிக்குமா, கப்பல்காரர் அந்தத் துறைமுகத்துக்குப் போக ஒத்துக்கொள்வாரா என்ற பயம் முழுவதும் அந்த 139க்குள் இருந்தது.

பயம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்ததும் எண்ணெய் விலை இரண்டே மாதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. அப்புறம் 1991 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கூட்டணி உண்மையிலேயே குண்டுவீசத் தொடங்கியது. அன்றைக்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது! சவூதியின் எண்ணெய் வயல்களுக்கு ஆபத்து வராது என்பது தெளிவானது, அமெரிக்கா தன் அவசர இருப்பைத் திறப்பதாக அறிவித்தது, அவ்வளவுதான். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் மோதியபோதும் ஏறக்குறைய இதே கதை, சண்டை நிறுத்தம் வந்த உடனே பிரென்ட் போருக்கு முந்தைய விலைக்கும் கீழே போய்விட்டது. ஆகவே "போர்ச் செய்தி வந்தது, இனி விலை ஏறிக்கொண்டேதான் போகும்" என்று கணக்குப் போட்டு வீட்டுக்குள் மூட்டை மூட்டையாக அடுக்குவதை விட்டுவிடுங்கள். சின்ன மெஸ் நடத்தும் என் சித்தி அந்த மார்ச்சில் கடன் வாங்கி மூன்று டின் பாமாயில் கூடுதலாக எடுத்துவைத்தார். மலேசியச் சந்தையில் அப்போது பாமாயில் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டி நின்றது, ஜூலையிலேயே 4,000க்கு அருகில் வந்துவிட்டது. அவர் கட்டிய வட்டி அந்தக் கணக்கில் சேராது.

அடுத்த தவறு, வயலைப் பார்த்துவிட்டு வழியைப் பார்க்காமல் விடுவது. "உலகக் கோதுமையில் 30 சதவீதம் ரஷ்யா, உக்ரைனிலிருந்து வருகிறது" என்று அந்த நாட்களில் எல்லா வாட்ஸாப் குழுவிலும் வந்தது. அது பாதி உண்மை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 78 கோடி டன் கோதுமை விளைகிறது, அதில் இந்த இரண்டு நாடுகளின் பங்கு ஏழில் ஒன்றுதான். ஆனால் விளைந்ததில் பெரும்பகுதி விளைந்த நாட்டிலேயே தின்று தீர்ந்துவிடும், எல்லை தாண்டி விற்பனைக்கு வருவது சுமார் 20 கோடி டன். அந்த 20 கோடியில்தான் இவர்கள் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம். உலகச் சந்தை விலை அந்தச் சிறிய பங்கில்தான் முடிவாகிறது. அதனால்தான் கோதுமையை வாங்கியே சாப்பிடும் எகிப்தும் லெபனானும் முதலில் ஆடிப்போயின. லெபனான் நிலைமை இன்னும் பரிதாபம். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோது அதன் பெரிய தானியக் கிடங்கும் சேர்ந்து போய்விட்டது, வாங்கிச் சேர்த்துவைக்கலாம் என்றாலும் வைக்க இடம் இல்லாத நிலை.

சரி, வழி என்றால் என்ன? உக்ரைனின் தானியம் பெரும்பாலும் ஒடேசா பக்கத்துத் துறைமுகங்கள் வழியாகக் கருங்கடலில்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. போர் வந்ததும் கடலில் கண்ணிவெடி, வெளியே ரஷ்யப் போர்க்கப்பல். கப்பலுக்குக் காப்பீடு கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. போன வருடம் அறுத்த தானியம் 2 கோடி டன்னுக்கு மேல் கிடங்குகளிலேயே கிடந்தது. ரயிலில் அனுப்பலாமே என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. உக்ரைனின் தண்டவாள அகலம் 1,520 மில்லிமீட்டர், பக்கத்துப் போலந்திலும் ருமேனியாவிலும் 1,435. எட்டரை சென்டிமீட்டர் வித்தியாசம்தான், அதற்காக எல்லையில் ஒவ்வொரு வேகனிலிருந்தும் தானியத்தை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும், அல்லது வேகனையே தூக்கிச் சக்கரத்தை மாற்ற வேண்டும். ஒரு கப்பலில் போகிற சரக்குக்கு எத்தனை வேகன் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில் ஐ.நா.வும் துருக்கியும் நடுவில் நின்று ஒப்பந்தம் ஆனது. ஆகஸ்ட் 1 அன்று ரஸோனி என்ற கப்பல் 26,000 டன்னுக்கு மேல் மக்காச்சோளத்துடன் ஒடேசாவிலிருந்து லெபனானுக்குக் கிளம்பியது, உலகம் முழுக்க டிவியில் காட்டினார்கள். லெபனானில் அதை வாங்க வேண்டியவர் ஐந்து மாதம் தாமதமாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கப்பல் வேறு ஆள் தேடிப் போனது. போர் விலையை எப்படிப் புரட்டுகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கப்பலைத்தான் சொல்வேன். சோளம் இருந்தது, வாங்க ஆளும் இருந்தார், இரண்டையும் சேர்க்கிற வழி ஐந்து மாதம் அடைபட்டுக் கிடந்தது.

மூன்றாவது தவறுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. சாப்பாட்டு விலை ஒரு பக்கம், எரிபொருள் விலை ஒரு பக்கம் என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறோம். பெட்ரோல் ஏறினால் லாரி வாடகை ஏறும், காய்கறி விலை ஏறும், இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது யூரியா மூட்டைக்குள் இருக்கும் கதை. யூரியா செய்ய அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும், அந்த ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள். அம்மோனியா செய்கிற செலவில் பெரும்பங்கு எரிவாயுவுக்கே போகிறது. ஐரோப்பாவில் முன்பு ஒரு மெகாவாட்-மணிக்கு 20 யூரோ பக்கம் இருந்த எரிவாயு விலை 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியபோது அங்கே பல அம்மோனியா ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சில மூடிவிட்டன. பொட்டாஷ் உரத்துக்கு உலகம் பெரிதும் நம்பியிருப்பது ரஷ்யாவையும் பெலாரஸையும். இந்தப் போகத்தில் உரம் குறைவாகப் போட்டால் அடுத்த அறுவடையில்தான் அது தெரியும். போர் தொடங்கிய மாதத்து விலையை மட்டும் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

நம் ஊர் விவசாயிக்கு இது ஏன் நேராக உறைக்கவில்லை? 45 கிலோ யூரியா மூட்டை அப்போதும் 266 ரூபாய் 50 காசுதான். மிச்சத்தை அரசு கட்டியது. 2022-23 பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கியது சுமார் 1.05 லட்சம் கோடி ரூபாய், வருடம் முடியும்போது செலவானது சுமார் 2.5 லட்சம் கோடி. விலை ஏறவில்லை என்று நாம் நினைத்தோம், ஏறிய விலையை வரிப்பணத்தில் கட்டினோம்.

எரிவாயுவில் இன்னொரு கொடுமையும் நடந்தது. ரஷ்யக் குழாயில் வந்த வாயு குறைந்ததும் ஐரோப்பா கப்பலில் வரும் எல்.என்.ஜி.யை, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவை, எந்த விலை கொடுத்தும் வாங்க இறங்கியது. ஐரோப்பாவுக்கு அது கஷ்டமான குளிர்காலம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாத வங்கதேசம் 2022 ஜூலையில் சந்தையில் எல்.என்.ஜி. வாங்குவதையே நிறுத்திவிட்டு, நேரம் குறித்து மின்வெட்டு போட ஆரம்பித்தது. பாகிஸ்தான் டெண்டர் விட்டும் விற்க ஆள் வரவில்லை. போரில் எந்தப் பக்கமும் நிற்காத குடும்பங்கள் டாக்காவில் ஃபேன் இல்லாமல் ராத்திரியைக் கழித்தன.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு, எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டிவிடுவது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிடும் உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சில் சுமார் 160 என்ற உச்சத்தைத் தொட்டது உண்மை. ஆனால் அது 2020 நடுவிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது, கொரோனா காலத்துக் கப்பல் நெருக்கடியும் வறட்சியும் அதில் அடங்கும். இலங்கையைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதை உக்ரைன் போரால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019 இறுதியில் வரியைக் குறைத்தது, சுற்றுலா நின்றது, கடன் தவணை கழுத்தை நெரித்தது, 2021இல் ஒரே இரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது என்று எல்லாம் போருக்கு முன்பே நடந்தவை. பிப்ரவரியில் ரஷ்யப் படை எல்லையைத் தாண்டும் முன்பே அங்கே மின்வெட்டு வந்துவிட்டது. டாலர் கையில் இல்லாத நாட்டின் மேல் 100 டாலர் எண்ணெய் வந்து விழுந்தது, அதுதான் போர் செய்தது. போரைக் காரணம் காட்டுவது ஆட்சியில் இருக்கிறவர்களுக்கு எப்போதுமே வசதி, அதனால் நாம்தான் தேதிகளைப் பார்க்க வேண்டும்.

ஏற்றுமதித் தடையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, மே 13 அன்று இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. இந்தியாவுக்கு உண்மையான காரணம் இருந்தது, அந்த மார்ச் மாத வெயிலில் வடக்கே கதிர் முற்றும் முன்பே காய்ந்துபோனது. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் கதவைச் சாத்தச் சாத்த வெளியே நிற்கிறவனுக்கு விலை இன்னும் ஏறும். இந்தோனேசியா மூன்று வாரத்திலேயே தடையை எடுத்துவிட்டது, ஏற்றுமதி நின்றதில் கிடங்கு நிறைந்து அவர்களின் சொந்த விவசாயிகளிடமே பழக்குலையை வாங்க ஆள் இல்லாமல் போயிருந்தது.

டாலர் விலையை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். கோதுமை விலை 2022 ஆகஸ்ட் வாக்கில் போருக்கு முந்தைய அளவுக்கே இறங்கிவிட்டது. எகிப்தில் ரொட்டி மாவு இறங்கியதா? இல்லை. 2022 மார்ச்சில் ஒரு டாலருக்குச் சுமார் 16 பவுண்டு கொடுத்தவர்கள் 2023 தொடக்கத்தில் 30 கொடுத்தார்கள். டாலரில் மலிந்த கோதுமை அவர்கள் காசில் ஏறியே நின்றது, 2023 செப்டம்பரில் அங்கே பணவீக்கம் 38 சதவீதம். நம் ரூபாயும் அதே காலத்தில் 75லிருந்து 82, 83க்குப் போனது, எகிப்து அளவுக்கு இல்லை, ஆனாலும் போனது.

"கச்சா எண்ணெய் இறங்கிவிட்டதே, பங்க்கில் ஏன் இறங்கவில்லை?" என்று இன்னும் கேட்கிறார்கள். சென்னையில் பெட்ரோல் 2022 ஏப்ரலில் 110 ரூபாய் 85 காசுக்குப் போனது, மே மாதம் கலால் வரிக் குறைப்புக்குப் பிறகு 102 ரூபாய் 63 காசு. அப்புறம் அந்த 102.63 அப்படியே 2024 மார்ச் வரை பலகையில் நின்றது. நடுவில் பிரென்ட் 120க்குப் போனது, 75க்குக் கீழேயும் வந்தது, பலகை அசையவில்லை. ஏறியபோது நட்டத்தைத் தாங்கிய எண்ணெய் நிறுவனங்கள் இறங்கியபோது அதை ஈடுகட்டின, நடுவில் தேர்தல்களும் வந்தன. ஆகவே உலகச் சந்தை இறங்கிய மறுநாள் நம் தெருவில் இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதேபோல "பணவீக்கம் குறைந்தது" என்ற செய்தியைப் பார்த்து விலை குறைந்தது என்று படிக்காதீர்கள். ஏறுகிற வேகம் குறைந்தது என்றுதான் அதற்கு அர்த்தம், 12லிருந்து 15க்குப் போன டீ அங்கேயேதான் இருக்கும்.

கடைசியாக, சராசரியை நம்புவது. விலை 20 சதவீதம் ஏறியது என்றால் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கிற வீட்டுக்கு அது ஒரு முணுமுணுப்பு, பாதிக்கு மேல் அதற்கே போகிற வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரியாது. அதற்கும் கீழே இருக்கிறவர்களுக்கு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம்தான் சோறு போடுகிறது. போருக்கு முன் அந்த அமைப்பு தன் கோதுமையில் ஏறக்குறைய பாதியை உக்ரைனில்தான் வாங்கிக்கொண்டிருந்தது. கோதுமை விலையும் கப்பல் வாடகையும் ஏறினால் அதே நன்கொடைப் பணத்தில் அவர்களால் குறைவாகத்தான் வாங்க முடியும், யாரோ ஒருவரின் தட்டிலிருந்து அது கழிந்துவிடும். 2022 ஆகஸ்ட் 16 அன்றுதான் அவர்களுடைய முதல் கப்பல் 23,000 டன் கோதுமையுடன் எத்தியோப்பியாவுக்காக உக்ரைனிலிருந்து கிளம்ப முடிந்தது. ஜிபூட்டி துறைமுகத்தை அது அடைந்தது ஆகஸ்ட் 30 அன்று. இரண்டே வாரப் பயணம், அதற்காக மார்ச்சிலிருந்து காத்திருந்தார்கள்.