சொந்தப் படைப்புகளில் வடிவமைப்பாளர்கள் செய்யும் தவறுகள்

வாடிக்கையாளரிடமிருந்து வேலை வந்தால் கிராஃபிக் டிசைனர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன அளவு, எதில் அச்சாகிறது?" அதே ஆள் தன் ஆசைக்கு ஒரு போஸ்டர் வரைய உட்காரும்போது அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறார். படம் முடிந்தபின் தலைகாட்டும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு விதை அங்கேதான் விழுகிறது.

கேன்வாஸ் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்துக்காக 1080×1350 பிக்சலில் வரைந்த படத்தை 300 பிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) அச்சிட்டால் ஏறத்தாழ 9×11.5 செ.மீ.தான் வரும். அப்புறம் ஃபோட்டோஷாப்பில் 'இமேஜ் சைஸ்' பெட்டியைத் திறந்து 72 என்பதை 300 ஆக்கிவிட்டு நிம்மதியடைவார்கள். ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் தேர்வு) அணைந்திருந்தால் பிக்சல் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும், அச்சளவு மட்டும் சுருங்கும். ரீசாம்பிள் இயங்கினால் இல்லாத பிக்சல்களை மென்பொருள் ஊகித்து நிரப்பும், கோட்டின் ஓரம் மங்கும். ஏ3 போஸ்டருக்கு 3508×4961 பிக்சல் வேண்டும். நாற்புறமும் 3 மி.மீ. ப்ளீட் (அச்சுக்குப் பின் வெட்டி நீக்கும் ஓரம்) சேர்த்தால் 303×426 மி.மீ., அதாவது 3579×5032 பிக்சல். ஐபேட் ஓவியச் செயலியான ப்ரோக்ரியேட்டில் கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக லேயர் (அடுக்கு) வரம்பு குறையும். அதற்குப் பயந்து பாதி அளவில் தொடங்க வேண்டாம். லேயர்களைப் போகப் போக ஒன்றாக்கிக்கொள்ளலாம், விட்டுப்போன பிக்சலை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

காகிதத்தில் வரைபவர்களுக்கு இதே தவறு ஸ்கேனரில் காத்திருக்கிறது. ஏ4 ஓவியத்தை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்துவிட்டு ஏ2-வுக்குப் பெரிதாக்கினால், நீள அகலம் இரண்டு மடங்காவதால் கையில் மிஞ்சுவது 150 பிபிஐ. பெரிதாக்கும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் 600-இல் எடுத்துவிடுங்கள். வெறும் மைக்கோட்டுப் படம் என்றால் 1200. சேமிப்பது தரம் குறையாத டிஃப் கோப்பாக இருக்கட்டும். ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்காகவே சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் கரையும்.

நீர்வண்ணத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள். 200 ஜிஎஸ்எம்-க்குக் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) குறைந்த தாள் ஈரத்தில் அலையலையாக வளையும், ஸ்கேனர் கண்ணாடியில் தட்டையாகப் படியாது, மேடான இடங்களில் நிழல் விழும். 300 ஜிஎஸ்எம் தாள் எடுத்தால் பாதித் தொல்லை போகும். சொரசொரப்பான தாளில் இன்னொரு வம்பு உண்டு. ஸ்கேனரின் ஒளி ஒரே திசையிலிருந்து வருவதால் தாளின் மேடுபள்ளம் மணல் தூவியதுபோலத் தெரியும். ஒரு முறை ஸ்கேன் செய்து, தாளை 180 பாகை திருப்பி இன்னொரு முறை எடுத்து, இரண்டாவதை நேராக்கி முதல் படத்தின்மேல் 50 சதவீத ஒபாசிட்டியில் (அடியிலுள்ளது பாதி தெரியும்படி) பொருத்தினால் நிழல்கள் ஒன்றையொன்று சமன்செய்யும். ஒளிரும் நியான் மார்க்கர் வண்ணங்களை ஸ்கேனரும் சரியாகப் பிடிக்காது, சாதாரண நான்கு வண்ண அச்சும் தராது. அச்சுக்குப் போகும் படத்தில் அவற்றைத் தொடாமலிருப்பதே மேல்.

கையால் எழுதிய எழுத்தை வெக்டராக்கும்போது (பிக்சல் இல்லாத கோடும் வளைவுமாக மாற்றும்போது) இல்லஸ்ட்ரேட்டரின் இமேஜ் ட்ரேஸ் பொத்தானை நம்பிவிடுவது அடுத்தது. பென்சில் கோட்டின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் அது ஓர் ஆங்கர் பாயின்ட் (கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் புள்ளி) போடும். தூரத்திலிருந்து அழகாக இருக்கும், பெரிதாக்கினால் ஓரம் கடித்த பிஸ்கட்போல் தெரியும். ஒரு முழு வட்டத்துக்கு 4 புள்ளிகள் போதும் என்பதை மனதில் வையுங்கள். வளைவின் மேல், கீழ், இடம், வல விளிம்புகளில் புள்ளியை வைத்து, அதிலிருந்து நீண்டு வளைவைத் திருப்பும் கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் இழுங்கள். 'ஐ', 'ஞ' போன்ற எழுத்துகளில் இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் சுழிகள் நசுங்கும். தடித்த எழுத்தில் 'ண', 'ணை' ஆகியவற்றின் உள்வெளிகள் அடைபடுவதும் வழக்கம். வெளிக்கோட்டைத் தடிப்பாக்கும் அதே அளவில் உள்கோட்டையும் தடிப்பாக்குவதுதான் காரணம். சுழிக்குள் கோட்டை மெல்லியதாக்கினால் கண்ணுக்கு எல்லாம் ஒரே கனமாகவே படும்.

தட்டச்சு எழுத்தை வைத்து வேலை செய்தால் பிடிக்கவேண்டியது வேறு. 'கொ' என்று அடித்தது கொம்பு இடம் மாறி விழுந்தால் குறை எழுத்துருவில் இருக்காது, பெரும்பாலும் மென்பொருளுக்குள் எழுத்துகளை அடுக்கும் டெக்ஸ்ட் என்ஜினில்தான் இருக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைனில், இந்திய மொழிகளையும் கையாளும் வேர்ல்டு-ரெடி கம்போசருக்கு மாற்றினால் சரியாகும். எழுத்து இடைவெளியைக் கூட்டும்போது கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றனவா என்று ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கு வழக்கமான 120 சதவீத வரியிடைவெளி நமக்குப் போதாது. மேல் வரியின் 'ழூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். 140-இல் தொடங்கி 160 வரை பார்த்து முடிவு செய்யலாம்.

வண்ணத்தில் அதிகம் ஏமாற்றுவது கறுப்பு. ஆர்.ஜி.பி-யில் (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்) வரைந்த கறுப்பு, ஃபோட்டோஷாப்பின் வழக்கமான சி.எம்.ஒய்.கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மாற்றத்தில் நான்கு மைகளின் கலவையாகிறது, நான்கின் அளவையும் கூட்டினால் 300 சதவீதத்தைத் தொடுகிறது. மை காய நேரமாகும், பின்தாளில் ஒட்டும். சிறிய எழுத்தாக இருந்தால் அச்சுத் தட்டுகள் மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் வண்ணம் எட்டிப்பார்க்கும். எழுத்துக்கும் மெல்லிய கோட்டுக்கும் கே 100, அதாவது 100 சதவீதக் கறுப்பு மை மட்டும் போதும். பெரிய கறுப்புப் பரப்புக்கு சி 60, எம் 40, ஒய் 40, கே 100 நல்ல தொடக்கம், ஆனாலும் அச்சகம் சொல்லும் மை வரம்பைத்தான் கேட்க வேண்டும். திரையில் பளபளக்கும் பச்சையும் நீலமும் அச்சில் மங்குவதைக் கடைசியில் கண்டு திகைப்பதைவிட, முதல் நாளே சாஃப்ட் ப்ரூஃபை (அச்சு வண்ணத்தைத் திரையிலேயே காட்டும் முன்னோட்டம்) இயக்கிவைத்து வரைவது நல்லது. ரிசோகிராஃப் (ஸ்டென்சில் வழியே மை அச்சிடும் இயந்திரம்) ஆசை இருந்தால் வண்ணக் கோப்பே வேண்டாம், ஒவ்வொரு மைக்கும் ஒரு சாம்பல்நிறக் கோப்பு. அந்த மை முழுதாகக் காயாது என்பதால், முழுப் பக்கம் நிரப்பிய பரப்பு விரலில் ஒட்டும்.

திறன் வளர்ப்பிலும் கதை இதுதான். 2009-இல் தொடங்கிய இன்க்டோபர் (அக்டோபரில் நாளுக்கொரு மைப்படம்) போன்ற தினசரிச் சவால்களில் 31 நாளும் 31 பாணியில் வரைந்தால் மாத முடிவில் கையில் எதுவும் படிந்திருக்காது. ஒரே தாள் அளவு, ஒரே பேனா, இரண்டு வண்ணம், 40 நிமிடம் என்று கட்டிவைத்தால் எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்பது பத்தாம் நாளுக்குள் தெரிந்துவிடும். பயிற்சி வீடியோவைப் பார்த்தபடியே வரைந்து முடித்தது பயிற்சியாகாது. மறுநாள் வீடியோ இல்லாமல் அதையே வேறு பொருளைக் கொண்டு செய்து பாருங்கள், மறந்த படி எது என்று அப்போது தெரியும்.

விற்கும் எண்ணம் எழுந்தால் எழுத்துருவின் உரிமத்தைப் படியுங்கள். "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்" என்ற எழுத்துருவை விற்பனைப் போஸ்டரில் போடக்கூடாது. எஸ்.ஐ.எல். ஓபன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவற்றை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் போஸ்டரின் மிக நுணுக்கமான பகுதியை மட்டும் வெட்டி, உண்மையான அளவிலேயே ஒரு ஏ4 தாளில் அச்சிட்டுப் பாருங்கள். திரையை 100 சதவீதத்தில் வைத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது, அங்கே 100 சதவீதம் என்பது பிக்சல் கணக்கு. தாளைச் சுவரில் ஒட்டி, போஸ்டரை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்போகிறார்களோ அங்கே போய் நின்று படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.