குலை வெளியே வருமுன்பே சீப்பு எண்ணியாகிவிட்டது: குமரி விளைகளில் நாம் செய்யும் தவறுகள்

ஒக்கி புயல் கடந்துபோன மறுநாள், 2017 டிசம்பர் 1 காலை. எங்கள் விளையில் (தோட்டத்தில்) நின்ற ஏத்தன் (நேந்திரன்) வாழையில் பாதிக்குமேல் சாய்ந்து கிடந்தது. குலை தள்ளியவை நடுவில் ஒடிந்திருந்தன. தள்ளாதவை மூட்டோடு (அடியோடு) பெயர்ந்திருந்தன. நடைபாதையை அடைத்துக் கிடந்த ஒன்றை அப்புறப்படுத்த வெட்டுக்கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். அடுக்கடுக்கான மட்டைகளுக்கு நடுவே, உள்தண்டின் நுனியில், உள்ளங்கை நீளத்துக்கு வெள்ளையாக ஒரு குலை. மடல்களை ஒவ்வொன்றாக நகத்தால் நீக்கினேன். உள்ளே தீக்குச்சிக் கனத்தில் பிஞ்சுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஐந்து சீப்பு. வெயிலையே பார்க்காத குலை அது.

அந்த வாழைக்கு அடுத்த வாரம்தான் உரம் வைப்பதாக இருந்தேன். ‘குலை தள்ளப்போகுது, இப்பதான் நல்லா ஊட்டணும்’ என்று ஊரில் எல்லோரும் போடும் கணக்குதான். புயல் வராமல் இருந்து, ஒரு மூட்டை உரத்தையும் அதன் மூட்டில் கொட்டியிருந்தாலும் அந்த ஐந்து ஆறாகியிருக்காது.

அன்றிலிருந்து விளையில் எதைப் பார்த்தாலும், ‘இதை இந்தச் செடி எப்போது முடிவுசெய்தது?’ என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, செடி எப்போதோ முடித்துவிட்ட காரியத்தை இன்று மாற்றப் பார்ப்பதால் வருகிறவை.

வாழை

வாழைத்தண்டு என்று நாம் வெளியே பார்ப்பது இலைமட்டைகளின் சுருட்டல். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். அதன் நுனிக்குருத்து முதல் சில மாதங்களுக்கு இலையை மட்டும் உண்டாக்கிக்கொண்டிருக்கும். ஏத்தனில் நட்ட நாலாவது, ஐந்தாவது மாத வாக்கில் அதே நுனி பூவாகத் திரும்பும். எத்தனை சீப்பு என்பது அந்தத் திருப்பத்தில் தீர்ந்துவிடுகிறது. பிறகு அந்தப் பூ மட்டைகளுக்கு நடுவே மெதுவாக ஏறி வெளியே தலைகாட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகவே உரத்தின் பெரும்பங்கு முதல் நாலு ஐந்து மாதத்துக்குள் போய்ச்சேர வேண்டும். பிந்தி வைக்கும் பொட்டாஷ் வீண் என்று சொல்லவில்லை. காய் பருமனாகும், எடை கூடும். சீப்பு மட்டும் கூடாது.

இலைக்கும் இதே கதைதான். நுனி பூவாகத் திரும்பிய பிறகு புதிதாக இலை உருவாகாது. ஏற்கெனவே உருவாகிச் சுருண்டு கிடப்பவை வெளியே வந்து முடிந்ததும் சரக்கு காலி. குலை தள்ளிய நாளில் நிற்கும் எட்டோ பத்தோ இலைதான் அடுத்த மூன்று மாதம் அந்தக் குலைக்குச் சோறு போட வேண்டும். வீட்டு விசேஷத்துக்கு அதில் மூன்றை அறுத்தால் அது குலையிலிருந்து அறுத்ததுதான். இலை வேண்டுமென்றால் அதற்கென்று நாலு மூடு பாளையங்கோடனைத் தனியாக நட்டு வையுங்கள்.

கன்று எடுப்பதில் கண் நம்மை ஏமாற்றும். அகன்ற இலையோடு பசபசவென்று நிற்கும் நீர்க்கன்றைத்தான் எல்லோரும் கேட்பார்கள். எடுக்க வேண்டியதோ ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலையோடு, அடி பருத்து நிற்கும் கன்று. இலை ஒடுங்கியிருந்தால் தாயின் தீனியை வாங்கிக் கிழங்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அகன்ற இலைக் கன்றுக்குத் தாயோடு உள்ள தொடர்பு பலவீனம். அது தனக்குத்தானே சமைத்துச் சாப்பிட வேண்டிய நிலை. மேலே பச்சையாக இருக்கும், கீழே கிழங்கு சிறுத்திருக்கும்.

மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கேள்விப்பட்டு, ‘மட்டி விதை கிடைக்குமா அண்ணே’ என்று வெளியூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். நாம் உண்ணும் வாழைக்கு விதையே இல்லை. மகரந்தம் சேராமலே காய் பிடிக்கும் சாதி அது. தலைமுறை தலைமுறையாகக் கன்றில்தான் ஓடுகிறது. கன்று தருகிறேன் என்றேன். பார்சலில் வருமா என்று கேட்டார்.

தென்னை

வாழையில் மாதக்கணக்கு என்றால் தென்னையில் வருடக்கணக்கு. பாளைக்கான கரு கொண்டைக்குள் உருவாகி, பாளை வெடிக்க ஏறக்குறைய 32 மாதம் ஆகிறது. வெடித்த பாளையின் காய் முற்ற இன்னும் 12 மாதம். ஆக, இன்று நாம் பறித்துப்போடும் தேங்காயின் தொடக்கம் 44 மாதத்துக்கு முன்னால் இருக்கிறது.

இது தெரியாததால் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, இந்த வருடம் உரம் வைத்துவிட்டு அடுத்த வருடம் காயை எண்ணி, ‘ஒண்ணும் பிடிக்கல்ல’ என்று நிறுத்திவிடுவது. மற்றொன்று, இன்றைய குறைவுக்கு இன்றைய காரணத்தைத் தேடுவது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அதன் அடி எங்கள் தென்னையில் 2018 முடியும்வரை தெரிந்தது. இடையில் வந்த புயலின் மேலேயே மொத்தப் பழியையும் போட்டோம்.

குரும்பை உதிர்வதைப் பார்த்துப் பதறுவதும் உண்டு. ஒரு பாளையின் பெண் பூக்களில் பாதிக்குமேல் உதிர்வது தென்னைக்கு இயல்பு. தாங்கக்கூடியதை மட்டும் மரம் வைத்துக்கொள்கிறது. எல்லாமே உதிர்ந்து பாளை வெறும் துடைப்பமாக நின்றால்தான் சத்துக் குறையா, தண்ணீர்க் குறையா, பூச்சியா என்று பார்க்க வேண்டும்.

ஏறுவதற்கு வசதியாகத் தென்னையில் படி வெட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமே வரும். ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறோம். அது ஆறிப் புதுப் பட்டை கட்டுகிறது. காரணம், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஓயாமல் புதுத்திசுவை உண்டாக்கும் மெல்லிய வளர்படை ஒன்று இருக்கிறது. கத்தி கட்டையைத் தொடாமல் அதற்குச் சற்று மேலேயே ஓடுவதுதான் பால்வெட்டுக்காரரின் கைப்பதம். ஆழ வெட்டி அந்தப் படையைக் காயப்படுத்திவிட்டால் அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். தென்னைக்கு இந்தப் படை கிடையவே கிடையாது. வெட்டின படி வெட்டின படியாகவே, மரம் சாகும்வரை இருக்கும். தண்ணீர் தேங்கும், அழுகும், வண்டு நுழையும். அடிமரம் பிற்பாடு பருக்கவும் செய்யாது. முதல் சில வருடத்தில் குருத்து எவ்வளவு தடித்ததோ அதுதான் மரத்தின் பருமன். கன்று வயதில் பட்டினி போட்டுவிட்டு, மரமான பிறகு ஊட்டினால் கொண்டை தேறும். ஒட்டிய இடுப்பு அப்படியேதான் இருக்கும்.

விதைத்தேங்காய் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈத்தாமொழி நெட்டைக்குப் பேர் இருக்கிறதே என்று ஒரு நல்ல மரத்தைப் பார்த்துக் காய் எடுத்துவிடுகிறோம். நெட்டை மரத்தில் ஒரே பாளைக்குள் ஆண் பூக்கள் முதலில் விரிந்து, மூன்று வாரம்போல் கொட்டி முடித்த பிறகே பெண் பூ தயாராகும். அதனால் மகரந்தம் பெரும்பாலும் பக்கத்து மரங்களிலிருந்து வருகிறது. அம்மா யார் என்று தெரியும், அப்பா யார் என்று தெரியாது. தாய் மரம் மட்டுமல்ல, சுற்றி நிற்கும் மரங்களும் நன்றாக இருக்கும் தோப்பிலிருந்து எடுங்கள். நெட்டையும் குட்டையும் சேர்ந்த ஒட்டு ரகத்தின் காயை முளைக்கப்போட வேண்டாம். பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக வரும்.

சக்கைக்கும் (பலாவுக்கும்) இது பொருந்தும். எங்கள் பாட்டா தேன் மாதிரி இனித்த, சுளை கெட்டியான ஒரு வருக்கைச் சக்கையின் கொட்டையை நாலு இடத்தில் ஊன்றினார். இரண்டு, சுளை குழைந்துபோகும் கூழனாக வந்தன. ஒன்று வருக்கைதான், ஆனால் சவசவ. நாலாவது எட்டு வருடமாகியும் காய்க்காமல் ரப்பருக்கு இடம் விட்டது. கொட்டையில் வருவது புது ஆள். அதே பழம் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான் வழி. கொட்டைதான் ஊன்றுவேன் என்றால், தின்ற கையோடு ஊன்றுங்கள். கத்தரி, வெண்டை விதை மாதிரி காயவைத்து டப்பாவில் போட்டால் சக்கைக்கொட்டை செத்துவிடும். கிராம்பு, ஜாதிக்காய், ரப்பர் எல்லாவற்றின் விதைக்கும் இதே குணம்.

பூசணி, பாவல் (பாகல்) கொடிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வருபவை எல்லாம் ஆண் பூக்கள். அவை உதிரும். ‘மலட்டுக் கொடி’ என்று பிடுங்கிவிடாதீர்கள். சில நாள் கழித்து, அடியில் குட்டிக்காயோடு பெண் பூ வரும். தேனீ நடமாட்டம் இல்லாத மொட்டைமாடி என்றால் காலையிலேயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். வெயில் ஏறினால் பூசணிப் பூ மூடிக்கொள்ளும். மருந்து அடிப்பதாக இருந்தால் சாயங்காலம் அடியுங்கள். மார்த்தாண்டத்தைச் சுற்றித் தேன்கூடு வைத்திருப்பவர்கள் நம் பக்கத்து விளையில்தான் இருக்கிறார்கள்.

ஜாதிமரம்

குலசேகரம், திற்பரப்பு பக்கம் ஊடுபயிராக ஜாதிக்காய் நட்டிருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த துக்கம் இது. விதையில் வந்த ஜாதிமரங்களில் ஏறக்குறையப் பாதி ஆண். அது விதையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நமக்குத் தெரிவதோ ஆறேழு வருடம் உரமும் தண்ணீரும் கொடுத்த பிறகு, முதல் பூ பூக்கும்போது. இலையின் வடிவத்தை வைத்து நாற்றிலேயே கண்டுபிடிப்பேன் என்பவர்களை நம்ப வேண்டாம். பூவைப் பாருங்கள். ஆண் பூ கொத்தாக வரும், பெண் பூ ஒன்றிரண்டாக வரும். சந்தேகமிருந்தால் ஒரு பூவை நகத்தால் கீறி, உள்ளே சூல்பை இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது.

எங்கள் பக்கத்து விளைப் பெரியவர், ஒரு கோடையில் கோடாலியோடு நின்றுகொண்டிருந்தார்.

“இது காய்க்காது மக்கா. சும்மா நெழலடிச்சிட்டு நிக்கு.”

“எல்லாத்தையும் வெட்டிராதீங்க மாமா, ஒண்ணு ரெண்டு ஆண் நிக்கணும்” என்றேன். சிரித்தார். ஆறு மரத்தையும் தறித்துவிட்டார். அடுத்த வருடங்களில் அவருடைய பெண் மரங்கள் நிறையப் பூத்தன, கொஞ்சமாகக் காய்த்தன. பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் வேண்டும் என்பதுதான் பரிந்துரை. மிச்ச ஆண் மரங்களையும் தறிக்கத் தேவையில்லை. நன்றாகக் காய்க்கும் பெண் மரத்தின் மொட்டை அவற்றில் ஒட்டி மாற்றிவிடலாம். வேர் ஏற்கெனவே ஆறேழு வருடம் ஓடியிருக்கிறதே.

சரி, நான் புத்திசாலி, விதைக்கன்றே வேண்டாம் என்று ஒட்டுக்கன்றுக்குப் போனேன். ஒரு நாற்றுப்பண்ணையில் பன்னிரண்டு கன்று வாங்கினேன். எந்தப் பண்ணை என்பது வேண்டாம். எல்லாமே பெண்தான், நாலாவது வருடமே பூத்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுகூட மரமாக நிமிரவில்லை. குடையைக் கவிழ்த்ததுபோல் தரையோடு பரந்தன. கம்பு நட்டுக் கட்டினேன். கட்டை அவிழ்த்ததும் மறுபடி படுத்தன.

காரணம் பிறகுதான் விளங்கியது. ஜாதியில் மேல்நோக்கி ஓடும் நேர்க்கொப்பு, கிடையாக ஓடும் பக்கக்கொப்பு என்று இரண்டு வகை உண்டு. பக்கக்கொப்பை வெட்டி ஒட்டினால், தனி மரமான பிறகும் அது தன்னைப் பக்கக்கொப்பாகவே நினைத்துக்கொண்டு கிடையாகத்தான் வளரும். பக்கக்கொப்பு ஒரு மரத்தில் ஏராளமாகக் கிடைக்கும், நேர்க்கொப்பு சில மட்டுமே கிடைக்கும். பண்ணைக்காரருக்கு எது வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கன்று வாங்கும்போது, பெண் மரமா என்பதோடு ‘நேர்க்கொப்பில் ஒட்டினதா?’ என்றும் கேளுங்கள். சுற்றிலும் சமமாகக் கிளை விட்டு நேராக நிற்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள். ஒரே பக்கமாக விசிறி மாதிரி விரிந்திருந்தால் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

நல்லமிளகு

நான் ஜாதியில் ஏமாந்த அதே குணத்தை மிளகில் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். மிளகுக்கொடியில் மூன்று தினுசு. மூட்டிலிருந்து தரையில் ஓடுவது ஓடுகொடி. மரத்தைப் பற்றி ஏறுவது இன்னொன்று. ஏறும் கொடியிலிருந்து பக்கவாட்டில் நீட்டித் திரி விடுவது காய்க்கிளை. ஓடுகொடியை நட்டால் மரமேறும் கொடி கிடைக்கும். காய்க்கிளையை நட்டால் அது ஏறவே ஏறாது, சட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். கடைகளில் புதர் மிளகு என்று விற்பது இதுதான். மாடியில் இரண்டு சட்டி வைக்க அருமையான சரக்கு. அதை வாங்கிவந்து முள்முருங்கை மூட்டில் நட்டுவிட்டு, ‘ரெண்டு வருஷமாச்சு, ஏற மாட்டேங்கு’ என்று வருத்தப்பட்டவரும் நம் ஊரில் உண்டு.

கொடி வேண்டுமென்றால், நன்றாகக் காய்த்த கொடியின் ஓடுகொடிகளை மழைக்காலத்திலேயே குறித்துவைத்து, மண்ணில் வேர் பிடிக்காதபடி ஒரு குச்சியில் சுருட்டிக் கட்டிவையுங்கள். மாசி மாதத்தில் வெட்டி, இளசான நுனியையும் முற்றிய அடியையும் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை இரண்டு மூன்று கணுவாக நறுக்கி நிழலில் பையில் நட்டால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு நடத் தயாராகிவிடும். கணு தலைகீழாகப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மரச்சீனி (மரவள்ளி) கம்பு நடும்போது பிள்ளைகளிடம் வேலையை விட்டால் பத்தில் இரண்டு தலைகீழாக நிற்கும்.