உங்கள் கிரெடிட் யூனியனுக்காக மக்கள் பிரதிநிதியிடம் பேசுவது எப்படி?

நான் டெக்சாஸில் வசிக்கும் ஒரு சாதாரண கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கூட்டுறவுக் கடன் சங்கம்) உறுப்பினர். அங்கே வேலை பார்ப்பவளும் அல்ல, இயக்குநர் குழுவில் இருப்பவளும் அல்ல. இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு கார் விற்பனை நிலையம் பழைய கொரோலா ஒன்றுக்கு 21 சதவீத வட்டி சொன்னது. அமெரிக்காவில் எனக்குக் கடன் வரலாறு இல்லை என்பதுதான் காரணம். உடன் வேலை பார்த்த தோழி சொல்லி, ஐந்து டாலர் கட்டி ஒரு கிரெடிட் யூனியனில் பங்குதாரர் ஆனேன். மூன்று மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு அவர்கள் 9 சதவீதத்தில் கடன் தந்தார்கள். கிரெடிட் யூனியன்களின் வரிவிலக்கை எடுத்துவிடலாமா என்று வாஷிங்டனில் பேச்சு கிளம்பியபோது, நான் சும்மா இருக்கக்கூடாது என்று தோன்றியது. இரண்டு வருடங்களாக இதைச் செய்து பார்த்துக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கதவைத் தட்டுவது

உங்கள் கிரெடிட் யூனியனின் பெயரில் 'ஃபெடரல்' என்ற சொல் இருந்தால் அது மத்திய அரசின் உரிமம் பெற்றது, என்.சி.யு.ஏ. என்ற மத்திய அமைப்பு அதைக் கண்காணிக்கிறது. இல்லாவிட்டால் பெரும்பாலும் மாநில உரிமம். மத்திய வருமான வரிவிலக்கு, தொழில் கடன் உச்சவரம்பு போன்றவை காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கையில் இருக்கின்றன. மாநில உரிமம் பெற்ற சங்கங்களின் சட்டமும் மாநில வரிகளும் மாநிலச் சட்டமன்றத்தின் கையில். வரிவிலக்கைப் பற்றி மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் அரைமணி நேரம் பேசினாலும் அவரால் அதில் வாக்களிக்க முடியாது.

உங்கள் பிரதிநிதி யார் என்பதை ஹவுஸ்.கவ் தளத்தில் ஜிப் கோடு போட்டுத் தேடலாம். ஒரே ஜிப் கோடு இரண்டு தொகுதிகளில் விழுவது உண்டு. அப்போது முழு முகவரியைக் கொடுங்கள். உங்கள் மாநிலத்தின் இரு செனட்டர்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மசோதா எண்: நான் தடுக்கி விழுந்த இடம்

பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். முதல் சந்திப்புக்கு நான் நன்றாகத் தயாராகிப் போயிருந்தேன். கிரெடிட் யூனியன்கள் தரும் தொழில் கடன்களுக்கு 1998 முதல் ஓர் உச்சவரம்பு இருக்கிறது: பொதுவாக மொத்தச் சொத்தில் 12.25 சதவீதம். முன்னாள் படைவீரர்களுக்குத் தரும் தொழில் கடன்களை அந்தக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்ற மசோதாவை ஆதரிக்கும்படி கேட்கப் போயிருந்தேன். பிரதிநிதியின் உதவியாளர் மசோதா எண்ணைக் கேட்டார், சொன்னேன். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். அந்த எண்ணில் இருந்தது முற்றிலும் வேறொரு மசோதா.

நடந்தது இதுதான். ஒரு காங்கிரஸின் ஆயுள் இரண்டு வருடம். ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியில் புதிய காங்கிரஸ் கூடும்போது, நிறைவேறாத மசோதாக்கள் எல்லாம் காலாவதியாகின்றன. எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. அதே மசோதா மீண்டும் வந்தால் புது எண்ணோடுதான் வரும். நான் கொண்டுபோனது முந்தைய காங்கிரஸின் எண்.

எனவே காங்கிரஸ்.கவ் தளத்துக்குப் போய், தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் 'நடப்பு காங்கிரஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கியது 119-ஆவது காங்கிரஸ். எச்.ஆர். என்றால் பிரதிநிதிகள் சபை மசோதா, எஸ். என்றால் செனட் மசோதா. ஒரே விஷயத்துக்கு இரண்டு சபைகளிலும் தனித்தனி எண் இருக்கலாம். நீங்கள் பார்க்கப்போகும் ஆள் எந்தச் சபையோ அந்த எண்ணைச் சொல்லுங்கள். 'இணை முன்மொழிவாளர்கள்' என்ற பகுதியையும் பாருங்கள். உங்கள் பிரதிநிதியின் பெயர் அங்கே ஏற்கெனவே இருந்தால், ஆதரவு கேட்பதற்குப் பதில் நன்றி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

செய்தித் தளங்களிலிருந்தோ சுற்றறிக்கைகளிலிருந்தோ எண்ணை எடுக்காதீர்கள். நான் எடுத்தது அப்படித்தான்.

ஒரே ஒரு தாள்

ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். மேலே உங்கள் பெயர், முகவரி. நீங்கள் தொகுதிவாசி என்று தெரிந்தால்தான் கவனித்துக் கேட்பார்கள். அடுத்து, உங்கள் கதை ஐந்தாறு வரியில். என் தாளில் 21, 9 என்ற இரண்டு எண்களையும் பெரிதாக அச்சிட்டேன். கடைசியில் கோரிக்கை ஒரே வாக்கியத்தில், மசோதா எண்ணோடு. மசோதா இல்லாத விஷயம் என்றால், 'வரிவிலக்கை நீக்கும் எந்தத் திட்டத்தையும் எதிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்பது போதும். வண்ணப் படங்களும் வரைபடங்களும் போட்ட கோப்புகளை நான் விட்டுவிட்டேன்.

தொலைபேசியா, படிவமா, கடிதமா

தொலைபேசிதான் என் தேர்வு. காங்கிரஸ் கட்டடமான கேபிடலின் தொலைபேசி மாற்றகத்தின் எண் 202-224-3121; பிரதிநிதியின் பெயரைச் சொன்னால் இணைப்பார்கள். இணையப் படிவம் இரண்டாவது. வாஷிங்டனுக்குத் தபால் அனுப்பவேண்டாம்: 2001-இல் ஆந்த்ராக்ஸ் கிருமி தூவிய கடிதங்கள் வந்த பிறகு அங்கே போகும் தபால்கள் பாதுகாப்புப் பரிசோதனைக்குப் பிறகே உள்ளே செல்கின்றன, தாமதமாகிறது. நேரில் பார்க்க வாஷிங்டன் போகவேண்டியதும் இல்லை. ஆகஸ்ட் விடுமுறையில் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஊருக்கு வருவார்கள், தொகுதி அலுவலகத்தில் நேரம் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கிரெடிட் யூனியன்களின் மாநிலக் கூட்டமைப்போடு போகலாம். டெக்சாஸில் அது கார்னர்ஸ்டோன் லீக்.

அறைக்குள்

பெரும்பாலும் உங்களைச் சந்திப்பது ஓர் இளம் உதவியாளராக இருப்பார். ஏமாற்றம் அடையாதீர்கள், உறுப்பினருக்குக் குறிப்பு எழுதுபவர் அவர்தான். பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். கதை, கோரிக்கை, பிறகு அவருடைய கேள்விகள்.

ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "பெரிய கிரெடிட் யூனியன்கள் வங்கி போலவே நடக்கின்றனவே, அவற்றுக்கு ஏன் வரிவிலக்கு?" வங்கிகள் தரப்பு இதைத்தான் சொல்கிறது, அவர்கள் முன்பே இந்த அலுவலகத்துக்கு வந்து போயிருப்பார்கள். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். விலக்கு, அளவைப் பார்த்துக் கொடுத்ததல்ல, அமைப்பைப் பார்த்துக் கொடுத்தது. பங்குச் சந்தை முதலீட்டாளர் கிடையாது. ஐந்து டாலர் போட்டவருக்கும் ஐம்பதாயிரம் போட்டவருக்கும் ஒரே ஓட்டு. லாபம், குறைந்த வட்டியாக உறுப்பினருக்கே திரும்புகிறது. கிரெடிட் யூனியன்கள் சொத்து வரியும் சம்பள வரியும் கட்டுகின்றன. உறுப்பினர் தன் ஈவுத்தொகைக்கு வருமான வரி கட்டுகிறார். ஃபெடரல் கிரெடிட் யூனியன்கள் வாங்கும் வட்டிக்கு 18 சதவீத உச்சவரம்பு நடைமுறையில் இருக்கிறது. 21 சதவீதம் கேட்கப்பட்ட எனக்கு அதன் அருமை தெரியும்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்றையும் நான் சொல்வதுண்டு. 1890-களில் சென்னை மாகாண அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சன், ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. திருவள்ளூருக்கு அருகே திரூரில் அந்த ஆண்டே சங்கம் தொடங்கிற்று. 1907-இல் இந்தியா வந்த பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் இத்தகைய கிராமச் சங்கங்களைப் பற்றி அறிந்துகொண்டு திரும்பினார். 1909-இல் மாசசூசெட்ஸ் கிரெடிட் யூனியன் சட்டம் உருவாகத் துணைநின்றவர்களில் அவரும் ஒருவர். ஃபெடரல் சட்டம் 1934-இல் வந்தது. என் தாத்தா உரத்துக்குக் கடன் வாங்கிய கூட்டுறவுச் சங்கமும் எனக்குக் கார் கடன் தந்த இடமும் ஒரே குடும்பம் என்று சொன்னபோது, அந்த உதவியாளர் பேனாவை எடுத்தார்.

உறுப்பினர்கள் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு 1998-ஐப் பாருங்கள். கிரெடிட் யூனியன்கள் யாரையெல்லாம் சேர்க்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் அந்தப் பிப்ரவரியில் குறுக்கியது. உறுப்பினர்கள் காங்கிரஸை முற்றுகையிட்டார்கள். அந்த வரம்பைத் தளர்த்தும் எச்.ஆர். 1151 மசோதா பிரதிநிதிகள் சபையில் 411-8 என்று நிறைவேறியது. ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

எச்-1பி விசாவில் இருப்பவர் பேசலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் பேசலாம். குறை சொல்லி முறையிடும் உரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் தேர்தல் நிதியோ அரசியல் நடவடிக்கைக் குழுவுக்கு நன்கொடையோ கொடுக்கக்கூடாது, அது சட்டவிரோதம். கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம்.

வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். அக்கா, வெறுங்கையோடுதான் போகவேண்டும். பரிசு வாங்குவதற்கு அவர்களுக்குக் கடுமையான விதிகள் இருக்கின்றன. லட்டு டப்பாவைத் திருப்பித் தரும் சங்கடத்தை அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கவேண்டாம்.

சந்திப்புக்கு மறுநாள் நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள், கோரிக்கையை அதில் மறுபடி ஒரு வரியில் எழுதுங்கள். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே உதவியாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

டெக்சாஸ்காரர்களுக்கு ஒரு குறிப்பு. நம் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாட்கள் நடக்கும். அடுத்தது 2027 ஜனவரி 12 அன்று தொடங்குகிறது. மசோதாக்களை முன்கூட்டித் தாக்கல் செய்வது நவம்பர் தேர்தல் முடிந்த அடுத்த வாரமே ஆரம்பித்துவிடும். அந்த வாரம் புது எண்களைத் தேடி எடுத்து இதே பக்கத்தில் சேர்க்கிறேன்.